பின்னலை அவிழ்க்கச் சொல்லலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ‘முடி நேர்த்தியாக இருக்க வேண்டும்’ என்ற விதியைக் காட்டி, கறுப்பினப் பெண் ஊழியரிடம் பின்னலை அவிழ்த்துவிட்டு வரும்படி மேலாளர் சொல்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை, சட்டப்படியும் தவறு. 2020 ஜனவரி 1 முதல் அங்கே அமலில் உள்ள கிரவுன் சட்டம், முடியின் இயல்பையும் பின்னல், முறுக்கு, சடைமுடி போன்றவற்றையும் இனப் பாகுபாட்டுத் தடைக்குள் கொண்டுவந்துவிட்டது. அலபாமாவில் சடைமுடியை வெட்ட மறுத்தவருக்கு வேலை மறுக்கப்பட்டபோது, ‘முடி அலங்காரம் மாற்றக்கூடியதுதானே’ என்று 2016-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மாநிலச் சட்டங்கள் அடைப்பது இந்த ஓட்டையைத்தான்.

மெல்லிய பின்னல்களைப் போடவே பல மணி நேரம் பிடிக்கும். முடியை நேராக்கும் மருந்துகள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, தலைத்தோலே வெந்துபோகலாம். ‘நேர்த்தி’க்காக ஒருவரை இதற்கெல்லாம் தள்ளுவது கொடுமை.

விதியிலிருந்து ‘நேர்த்தி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். ‘கன்வேயர் அருகே தோளுக்குக் கீழே தொங்கும் முடி, யாருடையதானாலும், கட்டப்பட்டு வலைக்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். தலைக்கவசம் உச்சிக்கொண்டை மேல் உட்கார்ந்தால் நழுவும். பின்னலைப் பிடரியில் தாழ்வாகக் கட்டச் சொல்லி, பெரிய அளவுக் கவசமும் வாங்கி வையுங்கள்.

மேலாளர் சொன்னதைத் தேதியோடு எழுதி மனிதவளத் துறைக்கு அனுப்புங்கள். அங்கே தீராவிட்டால், அந்த ஊழியர் மாநிலக் குடிமை உரிமைகள் துறையில் (Civil Rights Department) 3 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம்.