ரசிகர்கள் கட்டிய கோஷம், வீராங்கனையின் பெயர்: டிரேட்மார்க் யாருக்கு?

கேள்வி: என் தங்கை தடகள வீராங்கனை. போன சீசனில் ஒரு பெரிய போட்டியில் ஜெயித்ததிலிருந்து அவள் பெயரோடு இன்னொரு சொல்லை ஒட்டி ரசிகர்கள் ஒரு கோஷம் கட்டிவிட்டார்கள். ஹேஷ்டேக், மீம், பேனர் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். இப்போது முகம் தெரியாத யாரோ அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து ஆன்லைனில் விற்கிறார்கள். உடனே டிரேட்மார்க் எடுக்கவேண்டும், தன் கம்பெனி பெயரிலேயே எடுத்துத் தருகிறேன் என்கிறார் அவளுடைய மேனேஜர். தங்கைக்கோ தயக்கம். "ரசிகர்கள் ஆசையாகக் கொடுத்ததை எனக்கு மட்டும் என்று எப்படி எழுதி வாங்குவது?" என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: எடுங்கள், சீக்கிரமாகவே எடுங்கள். ஆனால் தங்கை பெயரில் எடுங்கள். மேனேஜர் கம்பெனி பெயரில் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியிருந்த கோஷத்தை நான் இங்கே வெட்டிவிட்டேன். விண்ணப்பம் போடும் வரை நீங்களும் "டிரேட்மார்க் எடுக்கப் போகிறோம்" என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

ஏன் இந்த அவசரம் என்பதற்குக் கூடைப்பந்து வீரர் ஜெரமி லின் கதையே போதும். 2012 பிப்ரவரி 4 அன்று, அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லின், நியூயார்க் நிக்ஸ் அணிக்காக இறங்கி 25 புள்ளிகள் எடுத்தார். அடுத்தடுத்த ஆட்டங்களிலும் வெளுத்து வாங்க, 'லின்சானிட்டி' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. அதே மாதம் 13ஆம் தேதி லின் தரப்பில் அந்தச் சொல்லுக்கு விண்ணப்பம் போனபோது, அவருக்குத் துளியும் சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்கள். முதல் ஆட்டத்துக்கும் அவருடைய விண்ணப்பத்துக்கும் நடுவே ஒன்பதே நாள்தான், அதற்குள் இவ்வளவு! அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் அந்த இருவரையும் ஏற்கவில்லை. ஒரு ஆளோடு இல்லாத தொடர்பை இருப்பதுபோலக் காட்டும் குறியைப் பதிவு செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் தராது, உயிரோடு இருப்பவரின் பெயரை அவருடைய எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் பதிவு செய்யவும் முடியாது. எல்லா நாட்டிலும் இந்தத் தடுப்பு இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, தங்கையின் தயக்கத்துக்கு வருவோம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான், ஆனால் டிரேட்மார்க் என்றால் என்ன என்பதைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்திலிருந்து வருகிறது. டிரேட்மார்க் எடுத்தால் அந்தச் சொல் உங்கள் சொத்தாகிவிடாது. இந்தப் பெயரில் வரும் இந்தப் பொருள் இவரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்கு அடையாளம் காட்டும் உரிமை அது, அவ்வளவுதான். பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். நீங்கள் எந்த வகுப்பில் எந்தப் பொருளைக் குறிப்பிட்டுப் பதிகிறீர்களோ பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் பாதுகாப்பு. ரசிகர் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தலாம், ஹேஷ்டேக் போடலாம், வீட்டில் பேனர் எழுதிக்கொண்டு வரலாம், பத்திரிகைக்காரர் தலைப்பில் போடலாம். இதில் எதையும் டிரேட்மார்க்கை வைத்துத் தடுக்க முடியாது, தடுக்க நினைக்கவும் கூடாது. தடுக்கக்கூடியது, அந்தச் சொல்லை ஒட்டிச் சரக்கு விற்று, அது வீராங்கனையிடமிருந்து வந்ததுபோல நம்பவைப்பதை மட்டும்தான்.

முதலில் உருவாக்கிய ரசிகருக்கு உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு மூன்று சொற்கள் கொண்ட கோஷத்துக்குப் பொதுவாகக் காப்பிரைட் கிடையாது, டிரேட்மார்க்கில் 'முதலில் யார் சொன்னது' என்பது கேள்வியே இல்லை, சந்தையில் அதை அடையாளமாக யார் பயன்படுத்துகிறார், யாரை அது சுட்டுகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கால்பந்து வீரர் டிம் டீபோ முழங்காலிட்டு ஜெபிப்பதைப் பார்த்து 'டீபோயிங்' என்று 2011இல் பரப்பியவர் ஒரு ரசிகர்தான். 2012இல் உரிமை டீபோவுக்குப் போனது. அந்தச் சொல் சரியான விதத்தில் பயன்பட வேண்டும் என்பதற்காகவே எடுத்ததாக அவர் சொன்னார். ஜெபத்தைக் கிண்டல் செய்து யாரோ சரக்கு விற்பதை நினைத்துப் பாருங்கள், அந்தக் கவலை புரியும். தங்கையிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவள் எடுக்காவிட்டால் அது ரசிகர்களிடமே இருந்துவிடப் போவதில்லை, முதலில் ஓடிப்போய் விண்ணப்பம் போடுகிற யாரோ ஒரு வியாபாரியிடம் போகும்.

ஆனாலும் விளையாட்டு வீரர்கள் வாயில் வருவதையெல்லாம் பதிவு செய்வதை நான் ஆதரிக்கவில்லை. கோஷத்துக்குள் அவர்கள் பெயர் இருந்தால் அது அவர்களையே சுட்டுகிறது, உரிமை அவர்களிடம் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பெயரே இல்லாத பொதுச் சொல் என்றால் கதை வேறு. கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் ரைலி, தொடர்ந்து மூன்று முறை பட்டம் வெல்வதைக் குறிக்கும் 'த்ரீ-பீட்' என்ற சொல்லுக்கு 1988இல் விண்ணப்பித்தார். அவருடைய லேக்கர்ஸ் அணி 1989இல் மூன்றாவது பட்டத்தைக் கோட்டைவிட்டது, சொல் மட்டும் அவரிடம் தங்கியது. 1993இல் சிகாகோ புல்ஸ் தொடர்ச்சியாக மூன்றாவது பட்டம் வென்றபோது, அதே புல்ஸிடம் அந்த ஆண்டு தோற்ற நிக்ஸ் அணியின் பயிற்சியாளர் ரைலிதான், ஆனால் அந்த வெற்றியைக் கொண்டாடும் டி-ஷர்ட்டுகளுக்கு ராயல்டி வாங்கியவரும் அவரே. சட்டப்படி சரி. எனக்கு மட்டும் அது இன்னும் உறுத்துகிறது.

அலுவலகங்களும் இப்படிப்பட்டவற்றை எப்போதும் விடுவதில்லை. கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் 2019இல் 'டாக்கோ டியூஸ்டே' (செவ்வாய்க்கிழமை டாக்கோ சாப்பிடும் வழக்கம்) என்பதற்கு விண்ணப்பித்தார். எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் சொற்றொடர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி 'டாம் டெரிஃபிக்' என்பதற்குப் போட்ட விண்ணப்பமும் தேறவில்லை, அது பேஸ்பால் வீரர் டாம் சீவரை நினைவுபடுத்தும் பட்டப்பெயர் என்றது அலுவலகம். இதில் வேடிக்கை, தனக்கு அந்தப் பெயரே பிடிக்காது, மற்றவர்கள் பயன்படுத்தாமல் தடுக்கத்தான் போட்டேன் என்று பிரேடி விளக்கம் கொடுத்தார். தடுப்பதற்காக மட்டும் எடுப்பது பெரும்பாலான நாடுகளில் எடுபடாத காரணம். தோனியின் 'கேப்டன் கூல்' விண்ணப்பமும் பெயர் இல்லாத பட்டப்பெயர் வகைதான்: 2023இல் போட்டது, டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாக 2025 ஜூன் ஆனது, வெளியானதும் எதிர்ப்பும் வந்தது. உங்கள் தங்கையின் கோஷத்தில் அவள் பெயரே இருப்பதால் பாதி வேலை சுலபம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் உங்களுடையது என்பதால் அதே பெயர் உள்ள எல்லோரையும் மடக்கிவிட முடியாது. கிரிக்கெட் வீரர் கௌதம் கம்பீர், தன் பெயரை உணவகங்களின் விளம்பர வாசகத்தில் பயன்படுத்தியதற்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு 2017இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காரணம், உணவகத்தின் உரிமையாளர் பெயரும் கௌதம் கம்பீர்! அவர் வீரரின் படத்தையோ அடையாளத்தையோ தொடவில்லை, தன் பெயரைத்தான் போட்டிருந்தார்.

அடுத்தது நாடுகள். சொந்த நாட்டில் பதிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் வழக்கமான தப்பு. பிரேசில் கால்பந்து வீரர் நெய்மார் ஐரோப்பாவுக்கு விளையாட வருவதற்கு முன்பே, 2012 டிசம்பரில், போர்ச்சுகலைச் சேர்ந்த ஒருவர் 'நெய்மார்' என்ற பெயரை உடைகளுக்காக ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்துப் பதிவும் வாங்கிவிட்டார். நெய்மார் அப்போது ஐரோப்பாவில் வளர்ந்து வரும் நட்சத்திரம் என்று தெரியாது, பெயரின் ஓசை பிடித்துப்போய்ப் போட்டேன் என்று வாதாடினார். மாட்டிக்கொண்டது எப்படி என்றால், அதே நாளில் அவர் 'இக்கர் கசியாஸ்' என்ற ஸ்பெயின் கோல்கீப்பரின் பெயருக்கும் விண்ணப்பித்திருந்தார்! கால்பந்து தெரியாதவர் செய்யும் வேலையா இது என்று நீதிமன்றம் 2019இல் நெய்மார் பக்கம் நின்றது. ஜெயித்தார், ஆனால் அதற்குள் ஆறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சீனாவில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பட்ட பாடு இன்னும் பெரிது. அவர் பெயரைச் சீன எழுத்தில் வைத்து ஒரு நிறுவனமே வளர்ந்துவிட்டிருந்தது. 2012இல் வழக்குப் போட்டு, 2016 டிசம்பரில் உச்ச மக்கள் நீதிமன்றத்தில் ஜெயித்தபோதும், சீன எழுத்தில் உள்ள பெயருக்குக் கிடைத்த வெற்றி அதன் ரோமன் எழுத்து வடிவத்துக்குக் கிடைக்கவில்லை. அதனால் தங்கையின் ரசிகர்கள் எந்த எழுத்துகளில் அந்தக் கோஷத்தை எழுதுகிறார்களோ அத்தனை வடிவத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு நாட்டில் போட்ட முதல் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகளில் போட்டால் முதல் தேதியே அங்கும் செல்லும். மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம். அவள் எங்கே ஓடப் போகிறாள், எங்கே சரக்கு தைக்கிறார்கள், இந்த இரண்டு பட்டியலையும் வைத்து நாடுகளைத் தேர்ந்தெடுங்கள், உலகம் முழுவதும் என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

வகுப்புகளிலும் அதே சிக்கனம் வேண்டும். உடைக்கு 25, விளையாட்டுப் பயிற்சி, நிகழ்ச்சி போன்றவற்றுக்கு 41, இவை இரண்டும் அநேகமாகப் போதும். பயன்படுத்தாத வகுப்பு வெறும் சுமை. ஐரோப்பாவில் தொடர்ந்து ஐந்து வருடம், சீனாவில் மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் ரத்து கேட்கலாம். அப்புறம், பலர் கவனிக்காத ஒரு விஷயம்: டி-ஷர்ட்டின் நெஞ்சில் கோஷத்தைப் பெரிதாக அச்சடித்து அதை 'பயன்பாட்டுச் சான்று' என்று காட்டினால் அமெரிக்க அலுவலகம் அது வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடும். கழுத்துக்குள் தைக்கும் லேபிளிலும், சட்டையில் தொங்கும் அட்டையிலும் அதே கோஷம் பிராண்டாக இருக்கவேண்டும். பத்துச் சட்டை தைத்தாலும் முதல் நாளிலிருந்தே அப்படித் தையுங்கள், தேதியோடு படம் எடுத்து, விற்ற பில்லோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இப்போது அந்த டி-ஷர்ட் ஆசாமி. முதலில் அவர் விற்கும் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஒரு சட்டையை வாங்கி ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே பதிவு பெற்ற டிரேட்மார்க் உரிமையாளர் மாதிரி மிரட்டல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள், சில நாடுகளில் அந்த வேலையே உங்கள் மேல் வழக்காகத் திரும்பும். பெரும்பாலான விற்பனைத் தளங்கள் டிரேட்மார்க் புகாருக்குப் பதிவு எண் கேட்கும், அது வரும் வரை தங்கையின் பெயரும் படமும் அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுகிறது என்ற வழியில் புகார் கொடுங்கள். விற்பவர் வெறும் வியாபாரியா, ரசிகர் மன்றப் பையனா என்றும் பாருங்கள். ரசிகர் என்றால் கூப்பிட்டுப் பேசி, சின்ன லைசென்ஸ் கொடுத்து, அவரையே அதிகாரபூர்வ விற்பனையாளர் ஆக்குங்கள். தங்கையின் உறுத்தலுக்கும் அது நல்ல மருந்து. ராயல்டி வேண்டாம் என்றால்கூட எழுத்தில் போடுங்கள், துணியின் தரம், அச்சு, எத்தனை காலம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். தரத்தைக் கண்டுகொள்ளாமல் கண்டவருக்கும் அனுமதி கொடுத்தால் குறியே பலவீனமாகிவிடும்.

கடைசியாக மேனேஜர். கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், உறவு முறிந்த பிறகும் அவரே. கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரீனியோவின் பெயரையே செல்சி கிளப் 2005இல் ஐரோப்பிய டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருந்தது. 2016இல் அவர் மான்செஸ்டர் யுனைடெட் போகும்போது சொந்தப் பெயரே பேச்சுவார்த்தையில் ஒரு தலைவலியாக வந்து நின்றது. கூடைப்பந்து வீரர் கவாய் லெனார்ட் தன் கையின் வடிவத்தை வரைந்து கொடுத்ததிலிருந்து வந்த சின்னத்துக்காக நைக்கி மேல் வழக்குப் போட்டு 2020இல் தோற்றார். அது காப்பிரைட் தகராறுதான், ஆனாலும் தோற்கடித்தது அவரே முன்பு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதனால் விண்ணப்பம் போடும் முன் தங்கை இதுவரை கையெழுத்திட்ட எல்லாவற்றையும், மேனேஜர், ஸ்பான்சர், சங்கம், எதையும் விடாமல் எடுத்து, 'ஒப்பந்தக் காலத்தில் உருவாகும் பெயர்கள், சின்னங்கள்' என்பதுபோல ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதலில் அதை எழுத்தில் விடுவித்து வாங்குங்கள். பிறகு பதிவு தங்கை பெயரில் இருக்கட்டும், அல்லது அவளே முழுப் பங்கும் வைத்திருக்கும் கம்பெனி பெயரில். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மேனேஜருக்குக் கமிஷனோடு, முடிவுத் தேதி போட்டுக் கொடுங்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மேனேஜரை மாற்றுவதைப் பற்றியும் பேசவேண்டியிருக்கும்.