முழங்கைக்கு என்ன விலை?

கேள்வி: என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கின் 2025 பிளேஆஃப் (வழக்கமான சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்), இரண்டாம் சுற்றின் முதல் ஆட்டம். புளோரிடாவின் சாம் பென்னெட் எங்கள் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கோலி (கோல்காப்பாளர்) ஆன்தனி ஸ்டோலார்ஸின் தலையில் கையால் இடித்துவிட்டுப் போனார். பெனால்ட்டி இல்லை, விசாரணை இல்லை, அபராதம்கூட இல்லை. கடைசியில் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் அதே பென்னெட்டுக்கு! அடிபட்டவர் திரும்பி வரும்வரை அடித்தவரும் வெளியே உட்கார வேண்டும் என்று ஒரே ஒரு விதி போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? என்.எச்.எல்.லுக்கு டொராண்டோ மீது அப்படி என்ன வன்மம்?
— மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர், ஸ்கார்பரோ

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து நோயைவிட மோசம்.

அந்த விதி அமலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரணியின் முதல் வரிசை சென்டர் (அணியின் முக்கிய ஆட்டக்காரர்) உங்கள் நான்காம் வரிசை ஆள் ஒருவரை அடித்துவிட்டார். உங்கள் ஆள் ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் ஆடுபவர். இரண்டு நாளில் அவருக்குத் தலைவலி போய்விடுகிறது. எந்தக் கோச் அவரை உடனே களமிறக்குவார்? தொடர் முடியும்வரை அவருக்குத் தலைவலி தொடரத்தான் செய்யும்! காயம் பற்றிக் கேட்டால் "மேல் உடம்பு", "கீழ் உடம்பு" என்பதற்கு மேல் எந்த அணியும் பிளேஆஃபில் வாய் திறப்பதில்லை. அந்த இரண்டு சொல்லை நம்பி ஒருவருக்குத் தண்டனைக் காலம் நிர்ணயிக்கச் சொல்கிறீர்கள்.

இதே ஸ்டோலார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் முன்னதாக ஒரு ஷாட் அவருடைய முகமூடியில் பலமாகப் பட்டிருந்தது. அவர் வெளியேறியதில் பக்குக்கு (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எவ்வளவு பங்கு, பென்னெட்டின் கைக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரிப்பது? இன்னொன்று: அதே இடி பட்டும் ஒரு கோலி தலையை உதறிவிட்டு எழுந்து நின்றுவிட்டால், உங்கள் விதிப்படி அடித்தவர் சுத்தமாகத் தப்பிவிடுவார். காயம் இப்போதும் கணக்கில் வருகிறது. செயலின் தன்மை, காயம், பழைய குற்றங்கள், ஆட்டத்தின் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

தண்டனை வழங்குவது 2011-இல் தொடங்கிய வீரர் பாதுகாப்புத் துறை. முதலில் பிரெண்டன் ஷானஹன், பிறகு ஸ்டெஃபான் கின்டால், 2017 முதல் ஜார்ஜ் பாரோஸ். (பாரோஸ் ஆடிய காலத்தில் கைச்சண்டைக்குப் பேர்போனவர். திருடனைப் பிடிக்கத் திருடன் என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த வேலைக்கு அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை.) எல்லா ஆட்டங்களையும் பார்த்து, சந்தேகமான காட்சிகளை வெட்டியெடுத்து அலசுவார்கள். தலைதான் முதன்மையாக அடிவாங்கியதா, அதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பவை தலையடி விதியான 48-ஆம் விதி கேட்கும் இரண்டு கேள்விகள். விசாரணை தொலைபேசியில் என்றால் தடை 5 ஆட்டத்தைத் தாண்டாது. 6 அல்லது அதற்கு மேல் போக நினைத்தால் வீரரை நேரில் வரச் சொல்ல வேண்டும். மேல்முறையீடு ஆணையர் கேரி பெட்மனிடம். தடை 6 அல்லது அதற்கு மேல் என்றால் அவரையும் தாண்டி நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

பென்னெட் விஷயத்தில் இந்த ஏணியின் முதல் படியில்கூட யாரும் கால் வைக்கவில்லை. அது தவறு. கோலி அவருக்குரிய நீலக் கட்டத்துக்குள் நிற்கும்போது குறுக்கே போகிறவர் கையை மடக்கிக்கொண்டு போகவேண்டும். தொலைபேசி விசாரணைக்காவது அழைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் நீங்கள் கொதிக்கவேண்டிய ஓட்டை வேறு. அதே வசந்தத்தில், முதல் சுற்றில், புளோரிடாவும் டாம்பாவும் மோதின. இரண்டாம் ஆட்டத்தில் டாம்பாவின் பிரெண்டன் ஹேகல், பக் தன்னிடம் இல்லாத புளோரிடா வீரர் பார்கோவை இடித்தார். ஐந்து நிமிட மேஜர் பெனால்ட்டி (அந்நேரம் முழுக்க அவர் அணிக்கு ஓர் ஆள் குறைவு), பிறகு ஓர் ஆட்டத் தடை. நான்காம் ஆட்டத்தில் புளோரிடாவின் ஆரன் எக்பிளாட் தன் கையால் அதே ஹேகலின் தலையில் இடித்தார். ரெஃப்ரிகள் பெனால்ட்டிக்குக் கை தூக்கவில்லை. ஹேகல் வெளியே போனவர் அந்தத் தொடரில் திரும்பவில்லை. எக்பிளாட் களத்திலேயே இருந்தார். ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லாத நிலையில் சமன் கோலை அடித்தவர் அவர்தான். அடுத்த 11 விநாடியில் செத் ஜோன்ஸ் வெற்றி கோல். எக்பிளாட்டுக்குப் பிறகு 2 ஆட்டத் தடை கிடைத்தது. அந்த ஆட்டம் டாம்பாவுக்குத் திரும்பக் கிடைக்குமா?

இதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. 2019-இல் சான் ஹோஸே – வேகஸ் ஏழாம் ஆட்டத்தில் வேகஸின் கோடி ஈக்கினுக்குக் கொடுத்த ஒரு தவறான மேஜரால், 3-0 என்று முன்னிலையில் இருந்த வேகஸ் அந்த ஐந்து நிமிடத்துக்குள் 4 கோல் வாங்கிக் கடைசியில் தோற்றது. லீக் பின்னர் வேகஸிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த சீசனிலிருந்து, சண்டைக்கு வழங்குவது தவிர எந்த மேஜரையும் ரெஃப்ரி திரையில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு நிமிடமாகக் குறைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆக, கொடுத்த தண்டனையைத் திரையில் பார்த்துக் குறைக்கலாம். கண்ணில் படாமல் போன தலையடியைத் திரையில் பார்த்துத் தண்டிக்க வழியில்லை. பக் கோட்டைத் தாண்டியதா என்று அங்குலம் அங்குலமாக அளக்க ஓர் அறையே வைத்திருக்கிறார்கள். அடுத்த விசில் ஊதியதும் "தலையைப் பாருங்கள்" என்று அதே அறையிலிருந்து ரெஃப்ரியின் காதில் ஒரு வார்த்தை சொல்ல அனுமதித்தால் போதும். கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது ஓட்டை பணம். வழக்கமான சீசனில் தடை என்றால் சம்பளத்தில் கை வைப்பார்கள். ஆண்டுக்கு 82 லட்சம் டாலர் வாங்குகிறவர், 18 மாதத்துக்குள் மறுபடி மாட்டினால், அதை 82 ஆட்டத்தால் வகுத்து ஆட்டத்துக்கு 1 லட்சம் போகும். முதல்முறை என்றால் சீசனின் நாட்களால் வகுப்பார்கள். 190 நாள் சொச்சம், ஆகவே ஆட்டத்துக்குச் சுமார் 43,000. பிளேஆஃபில்? சம்பளம் வழக்கமான சீசனோடு முடிந்துவிடுகிறது. வெட்டுவதற்குச் சம்பளமே இல்லை. விசாரணை இல்லாமல் போடும் அபராதமும் 5,000 டாலரைத் தாண்டாது. அவர்கள் சம்பாத்தியத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த உச்சவரம்பு லீக் தனியாக எழுதியதல்ல. வீரர்கள் சங்கம் பேரம் பேசி வாங்கியது. அடிபடுகிறவரும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்தான்.

2012 ஏப்ரலைப் பாருங்கள். முதல் சுற்றின் தொடக்கத்தில் நாஷ்வில்லின் ஷே வெபர், எதிரணியின் ஹென்ரிக் செட்டர்பர்க்கின் தலையைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினார். அபராதம் 2,500 டாலர், அன்றைய உச்சம். ஒரு வாரத்துக்குள் ஃபீனிக்ஸின் ராஃபி டாரஸ் மரியன் ஹோஸாவை இடித்ததற்கு 25 ஆட்டம், மேல்முறையீட்டில் 21. டாரஸ் பழைய குற்றவாளி, ஹோஸாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் சரி. ஆனாலும் முதல் நாள் 2,500-க்கு விட்டதுதான் அந்தச் சுற்று முழுக்கத் தலைகள் உருண்டதற்குக் காரணம் என்பேன். டாரஸின் 21-இல் 13 அந்த பிளேஆஃபிலேயே கழிந்தது, காசு போகாமல். மீதி 8 அடுத்த சீசனில். சம்பளம் போனது அந்த 8-க்கு மட்டும். பிளேஆஃபில் வாங்கிய தடைக்கான தொகையை அடுத்த சீசனின் முதல் சம்பளத்திலிருந்து பிடித்தால் முழங்கைகள் கொஞ்சம் தாழும்.

இனி டொராண்டோ மீதான வன்மம். மாமியார் உடைத்தால் மண்குடம் கதை வேண்டாம். நாஸெம் காத்ரி லீஃப்ஸ் சீருடையில் பாஸ்டனுக்கு எதிராக 2018-இல் 3 ஆட்டத் தடை வாங்கினார். 2019-இல் அதே பாஸ்டன், ஜேக் டெப்ரஸ்க் மீது குறுக்குத்தடி (மட்டையை இரு கையால் குறுக்காகப் பிடித்து இடிப்பது), முதல் சுற்றின் மிச்சம் முழுக்கத் தடை. இரண்டு தொடரும் ஏழாம் ஆட்டத்தில் போயின. அப்போது ஸ்கார்பரோவில் பலர் சொன்னது என்ன? "லீக் அநியாயமாக நீட்டிவிட்டது." கொலராடோ போன பிறகு 2021-இல் ஜஸ்டின் ஃபாக்கை இடித்து அவர் வாங்கிய 8 ஆட்டம், அந்த அணி அந்த ஆண்டு ஆடிய கடைசி 8 ஆட்டமாகவே முடிந்தது. அடுத்த ஆண்டு கோப்பையைத் தூக்கினார்.

ஸ்டோலார்ஸ் போன அந்த முதல் ஆட்டத்தை லீஃப்ஸ் 5-4 என்று வென்றது. இரண்டாவதையும் வென்றது. பிறகு ஐந்தாம் ஆட்டத்தில் 6-1, ஏழாம் ஆட்டத்தில் மறுபடி 6-1. இரண்டு தோல்வியும் சொந்த ரிங்க்கில். அந்த 12 கோலில் பென்னெட்டின் முழங்கை அடித்தது எத்தனை?