இ-பாஸ் நாட்கள்: எல்லை தாண்டிய பயணம் பற்றி நீங்கள் கேட்டவை

வணக்கம். கொரோனா ஊரடங்கில், 2020 மே முதல் ஆகஸ்ட் வரை, ஒரு கலெக்டர் ஆபீஸில், ஊர் விட்டு ஊர் போக அரசு இணையம் வழியாகக் கொடுத்த அனுமதிச் சீட்டான இ-பாஸ் விண்ணப்பங்களைப் பார்த்த பிரிவில் துணை வட்டாட்சியராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நாட்களில் ஊர் விட்டு ஊர் போனது பற்றியும் போக முடியாமல் நின்றது பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தருமபுரி மாணவர்: சார், கல்லூரி கட்டுரைக்காகக் கேட்கிறேன். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று சொன்னதும் எட்டு மண்டலம் என்று சொன்னதும் ஒன்றுதானா?

இல்லை தம்பி, இரண்டும் வேறு. தொற்றின் நிலையைப் பார்த்து மாவட்டங்களை வண்ணம் பிரித்தது மத்திய அரசு. 2020 மே தொடக்கத்தில் நாட்டில் 130 மாவட்டங்கள் சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. தமிழ்நாட்டில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை ஒன்றே ஒன்றுதான், உங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி. 21 நாட்கள் புதிய தொற்று இல்லாத மாவட்டம் பச்சை.

தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்தது மாநில அரசு, ஜூன் 1 முதல், முக்கியமாக பஸ் விடுவதற்காக. மண்டலத்துக்குள் போக பாஸ் வேண்டாம், மண்டலம் தாண்டினால் வேண்டும். கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் சேர்ந்து ஒன்றாம் மண்டலம். நீங்கள் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரியோடு இரண்டாம் மண்டலம். கோவையிலிருந்து சேலம் வரை ஒருவர் கேட்பாரில்லாமல் வரலாம், தொப்பூர் கணவாய் தாண்டி தருமபுரிக்குள் வர பாஸ் வேண்டும். தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய் வந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோடு எவ்வளவு பெரியது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அரசாணையில் அது கிடைக்காது.

கடலூர் வாசகி: மாவட்ட எல்லையை மூடியதால் உண்மையிலேயே பயன் இருந்ததா ஐயா? கிருமிக்கு எல்லை தெரியுமா?

கிருமிக்குத் தெரியாது, ஆனால் அதைச் சுமந்து போகிற மனிதர்கள் சாலை வழியாகத்தானே போக வேண்டும்? உங்கள் மாவட்டமே இதற்கு சாட்சி. ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவியது. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் மூட்டை தூக்கியவர்களும் லாரியில் வந்தவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊர் திரும்பியிருந்தார்கள். அதுவரை சில பேருக்கு மட்டுமே தொற்று இருந்த இடங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதைப் பார்த்த பிறகு எல்லையைக் கவனிக்காமல் விட எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது.

அதனால் கண்காணிப்பு தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் வருபவர் யார், எங்கே தங்குவார், யாரோடு இருப்பார் என்று தெரிந்துகொள்வது வேறு, வரவே கூடாது என்று தடுப்பது வேறு. முதலாவதுதான் நோயைத் தடுக்க உதவியது. நாங்கள் நெடுநாள் இரண்டாவதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

தாம்பரம் வாசகர்: எங்கள் ரேஷன் கார்டில் செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டு டவுனுக்குப் போக பரனூரில் நிறுத்தி பாஸ் கேட்டார்கள். ஒரே மாவட்டத்துக்குள் ஏன்?

எட்டாம் மண்டலம் என்பது சென்னை மாவட்டம் இல்லை, சென்னை போலீஸ் எல்லை. தாம்பரம், ஆவடி எல்லாம் அதற்குள் வந்தன. செங்கல்பட்டு டவுன் ஏழாம் மண்டலம். கார்டில் ஒரு மாவட்டம், காவலில் வேறு எல்லை என்று உங்கள் பகுதி இரண்டு கோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஜூன் 19-இல் தொடங்கிய முழு ஊரடங்கும் இந்த போலீஸ் எல்லையையும் அதைச் சுற்றிய சில இடங்களையும் வைத்து வந்ததால் குழப்பம் கூடியது.

திருநெல்வேலி வாசகர்: 2020 ஜூலையில் சென்னையில் இருந்தேன். ஊரில் அப்பா தவறிவிட்டார். மூன்று முறை விண்ணப்பித்தும் 'ஆவணம் போதாது' என்று நிராகரித்தார்கள். நான்காவது முறை பாஸ் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இறந்த அன்றே இறப்புச் சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜூன் 25-க்குப் பிறகு மண்டலம் போய், மாவட்டம் தாண்டினாலே பாஸ் என்று ஆனது. கல்யாணம், நெருங்கிய உறவினர் இறப்பு, அவசர சிகிச்சை, வெளியூரில் மாட்டிக்கொண்டவர் ஊர் திரும்புவது ஆகியவைதான் ஏற்கப்பட்ட காரணங்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை இருக்கும், சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி சீட்டு இருக்கும். சாவுக்கு அன்றைக்கு ஒரு காகிதமும் இருக்காது. பதிவு செய்து சான்றிதழ் கைக்கு வர நாள் ஆகும். விண்ணப்பம் பார்க்கிறவர் இணைப்பில் சான்றிதழ் இல்லை என்று தள்ளிவிட்டால் விதிப்படி அவர் மேல் தவறு சொல்ல முடியாது. ஆனால் அது சரியும் இல்லை.

எங்கள் பிரிவில் முதல் இரண்டு வாரம் நாங்களும் அப்படித்தான் தள்ளினோம். பிறகு ஓர் அம்மாள் போன் செய்து, பிணத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். அன்றிலிருந்து, இறப்பு என்று வந்தால் அந்த ஊர் விஏஓவுக்கு போன் போட்டோம். 'ஆமாம் சார், இன்னார்தான், காலையில்தான்' என்று அவர் சொன்னால் போதும், உடனே அனுமதி. ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். உங்களுக்கும் யாராவது அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

திருப்பூர் வாசகர்: அண்ணா, நாங்கள் பாஸுக்கு ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்துப் போனோம். கட்டணம் எவ்வளவு?

ஒரு பைசா கிடையாது. இ-பாஸ் முழுக்க இலவசம். உங்களிடம் வாங்கியவர் இடைத்தரகர். நிராகரிப்பு கூடக்கூட தரகர் வியாபாரமும் கூடியது. பாஸ் விற்றதற்காகச் சிலர் கைதும் ஆனார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரமும் போன் நம்பரும் கொடுத்த எல்லோருக்கும் உடனடியாகப் பாஸ் என்று அறிவித்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி, மாநிலத்துக்குள்ளும் மாநிலம் விட்டும் போவதைத் தடுக்கக்கூடாது என்று மத்திய உள்துறைச் செயலர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்தானது. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது செப்டம்பர் 7 முதல்.

மயிலாடுதுறை வாசகர்: 2020-ல் நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம். சொந்த கலெக்டர் ஆபீஸுக்குப் போகவே நாங்கள் பட்ட பாடு யாருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிகிறது. வரைபடத்தை விரித்துப் பார்க்கிறவர்களுக்கும் புரியும். அன்றைய நாகை மாவட்டம் ஒரே துண்டு நிலம் இல்லை. மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி வடக்கே, நாகை, வேதாரண்யம் தெற்கே. நடுவில் காரைக்காலும் திருவாரூர் மாவட்டமும். கடற்கரைச் சாலையில் பொறையார் தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அப்புறம் நாகூரில் மீண்டும் தமிழ்நாடு. உள்பக்கமாகச் சுற்றினால் திருவாரூர் மாவட்டம். ஜூன் 1 முதல் 24 வரை திருவாரூரும் நீங்களும் ஒரே நான்காம் மண்டலம் என்பதால் அந்த வழி தாராளம். 25-ஆம் தேதியோடு அதுவும் மாவட்ட எல்லை ஆகிவிட்டது. மாவட்டத்துக்குள் பாஸ் வேண்டாம் என்ற விதி உங்களுக்கு மட்டும் உதவவில்லை.

2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. பல ஆண்டுகளாக நீங்கள் கேட்டது நியாயம் என்பதற்கு அந்த ஒரு கோடையே போதும்.

கோவை வாசகி: 2021 ஜூனில் என் தங்கை கல்யாணம் இங்கே நடந்தது. சென்னை உறவினர்கள் பாஸ் இல்லாமல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சுற்றினார்கள், கோவைக்கு வர மட்டும் முடியவில்லை. ஏன் இந்தப் பாகுபாடு?

இரண்டாம் அலையில் சென்னை முன்னாலேயே உச்சம் தொட்டு இறங்கியது. கொங்குப் பகுதியிலும் டெல்டாவிலும் தாமதமாக இறங்கியது. அதனால் ஜூன் 21 முதல் மூன்று வகை. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என 11 மாவட்டங்கள் முதல் வகை, கட்டுப்பாடு அதிகம். 23 மாவட்டங்கள் இரண்டாம் வகை. சென்னையும் சுற்றியுள்ள மூன்றும் மூன்றாம் வகை, அவற்றுக்குள் பாதி இருக்கையோடு பஸ்ஸே ஓடியது. முதல் ஆண்டு சென்னைக்காரர் என்றால் ஊருக்குள் விட யோசித்தார்கள், மறு ஆண்டு நிலைமை தலைகீழ். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வர கோவை கலெக்டரிடம் இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது, 50 பேருக்குத்தான் அனுமதி. ஜூலை 5 முதல் எல்லா மாவட்டமும் ஒரே வகை ஆனது.

இன்னொன்று. 2021 மே மாதம் வந்தது இ-பதிவு. இ-பாஸில் அதிகாரி அனுமதிக்க வேண்டும். இ-பதிவில் நீங்களே விவரத்தைப் பதிந்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பலாம். என்னைக் கேட்டால் முதல் நாளிலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும்.

மதுரை சட்டக் கல்லூரி மாணவி: திரும்பவும் ஒரு தொற்று வந்தால் இப்படி எல்லை போட முடியுமா?

முடியும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, தொற்றுநோய்கள் சட்டம் 1897 இரண்டும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. நடமாட்டச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவே பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க இடம் தருகிறது. அன்று மீறியவர்கள் மேல் போட்ட இந்திய தண்டனைச் சட்டம் 188-க்குப் பதில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 223.

சேலம் வாசகர்: ஊட்டிக்குப் போக இப்போதும் இ-பாஸ் கேட்கிறார்களே, கொரோனா இன்னும் முடியவில்லையா?

அது வேறு. மலையில் வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ் அது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கும் நீலகிரி பதிவெண் வண்டிகளுக்கும் தேவையில்லை. சொந்தக் காரில் போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.