ஷாஃப்டை மாற்றினால் ஸ்லைஸ் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. வலக்கை கோல்ஃப் ஆட்டக்காரன். டிரைவரில் (நீண்ட தூரம் அடிக்கும் மட்டையில்) அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போய்விடுகிறது, அதாவது ஸ்லைஸ். ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைல் என்று கடையில் அளந்தார்கள். ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு) போட்டால் நேராகிவிடும் என்கிறார்கள். விலையோ புது டிரைவரில் பாதி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்விங் பாதையோடு ஒப்பிட்டால் பந்தைத் தொடும் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது, அதனால் பந்து வளைகிறது. ஸ்டிஃப் ஷாஃப்ட் முகத்தை மூடித் தராது. உங்கள் வேகத்தில் பந்து இன்னும் தாழ்வாகப் பறக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஷாஃப்டில் ஸ்டிஃப்பைக் குறிக்கும் அந்த 'எஸ்' எழுத்துக்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் (ரெகுலர்), இன்னொரு கம்பெனியின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கலாம். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டரையும், நீளம் 48 அங்குலத்தையும் தாண்டக்கூடாது என்று கோல்ஃப் விதிகளை வகுக்கும் யூஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் விதி வைத்திருக்கின்றன. 2022 முதல் பெரிய தொழில்முறைப் போட்டிகள் அந்த நீளத்தை 46 ஆகவும் குறைத்துக்கொள்ளலாம். இவ்வளவு அளப்பவர்கள் ஃபிளெக்ஸ் (விறைப்பு) எழுத்தை மட்டும் கம்பெனிகள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். நம் ஆட்களும் எஸ்ஸை ஆண்மைச் சான்றிதழ் மாதிரி வாங்குகிறார்கள்.

முதலில் தலையைப் பாருங்கள். 12 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), எடை பின்னாலும் ஹீல் பக்கமும் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) தள்ளிய மாடல் உங்களுக்குப் பொருந்தும். எடையை முன்னால் வைத்த 'டூர்' மாடல் ஸ்பின்னைக் குறைக்கும், தவறை மன்னிக்காது. ஷாஃப்டில் ஃபிளெக்ஸைவிட எடையைக் கேளுங்கள். 50 கிராமை ஒட்டி ஆரம்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சோதியுங்கள். முகத்தில் ஒயிட்போர்டு மார்க்கரைப் பூசி சில பந்துகள் அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். தடம் ஹீல் பக்கமே விழுந்தால் கதை வேறு: முகம் நேராக இருந்தாலும், ஹீலில் பட்ட பந்து வலப்பக்கம் சுழலும். அப்போது மேலே சொன்ன தலையை வாங்கினாலும் பாதிப் பலன்தான். கடை டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலம் அல்லது அதற்கு மேல். கிளப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். தடம் நடுவுக்கு வந்தால், இருக்கும் ஷாஃப்டையே வெட்டினால் போதும். ஆனால் அரை அங்குலம் வெட்டினாலே ஸ்விங் வெயிட் (வீசும்போது கை உணரும் தலைக் கனம்) ஏறக்குறைய 3 புள்ளி இறங்கும். தலையில் 6 கிராம் போல ஏற்ற வேண்டும். வெட்டித் தருபவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. அப்புறம் "கை இன்னும் பழகவில்லை சார்" என்பார்கள்.

'இலவச ஃபிட்டிங்' (ஆளுக்கேற்ற கிளப்பை அளந்து தேர்ந்து தருவது) என்றால் அந்தக் காசு ஷாஃப்ட் விலைக்குள் இருக்கும். கட்டணம் வாங்கி, எதையும் விற்காதவர் கிடைத்தால் அவரிடம் போங்கள். பழைய டிரைவரையும் எடுத்துப்போய் இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடித்து, சராசரியைக் கேளுங்கள். திரையில் அவர்கள் காட்டும் அந்த ஒரே நல்ல அடி கணக்கில் வராது.