உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மடிக்கணினியின் உள்மைக் வேலை செய்யவில்லை. ஹெட்செட் மாட்டினால் சரியாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஹெட்செட்டில் பேசினால் கேட்கிறது என்று சொன்னீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. உலாவிக்கு மைக் அனுமதி இருக்கிறது, ஒலிச் சேவை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் உபுண்டுவைத் திரும்ப நிறுவச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நானே ஒரு தடவை கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

என் அக்கா குடும்பம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பின்கதவைத் திறந்தால் இன்னமும் செம்பனைதான். மூன்றாம் படிவம் படிக்கும் அக்கா மகளுக்கு 650 வெள்ளியில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கி, உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது. இணைய டியூஷனில் மட்டும் இவள் பேசுவது டீச்சருக்குக் கேட்கவில்லை. ஹெட்செட் போட்டால் கேட்கும்; ஆனால் அதை அவள் தம்பி பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

நான் இருப்பது காஜாங்கில். போனிலேயே வைத்தியம் பார்த்தேன்.

முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையில் மைக் படம் போட்ட விசை இருக்கிறதா, அதில் குட்டி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பல பேருக்குக் கோளாறு இதுதான். எங்களுக்கு அதுவாக இல்லை.

அடுத்து, கணினிக்கு மைக் இருப்பதே தெரியுமா என்று கேட்க வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, 'ஏ' எழுத்தோடு ஒட்டி 'ரெகார்ட்', ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, சின்ன 'எல்'. போனில் அவளுக்கு இப்படித்தான் எழுத்துக்கூட்டினேன். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். கொஞ்சம் புதிய இன்டெல் மடிக்கணினிகளில் உள்மைக் பழைய ஒலிச் சில்லோடு இணைந்திருக்காது. செயலியோடு இருக்கும் ஒலிப் பகுதிக்கு நேராகப் போகும். அதற்கு 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற கோப்பு தேவை. அது இல்லாவிட்டால் ஹெட்செட் மைக் வேலை செய்யும், உள்மைக் பட்டியலிலேயே இருக்காது. உங்கள் நிலைமை அதுவானால் உபுண்டுவைப் புதுப்பித்துவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இந்த ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருக்கலாம். எங்கள் பட்டியலில் மைக் இருந்தது, அதனால் அதைத் தாண்டிப் போனோம்.

அப்புறம் ஆல்சாமிக்சர்; டெர்மினலில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தால் திறக்கும் ஒலி அளவுப் பலகை. எஃப்6 அழுத்தினால் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம், எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். 'கேப்சர்' பட்டியின் கீழே சிவப்பில் அந்தச் சொல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். 'பூஸ்ட்' என்ற பட்டியை உச்சிக்கு ஏற்றிவிடாதீர்கள். குரலோடு சேர்ந்து இரைச்சலும் தகரக் கூரையில் மழை விழுவது மாதிரி வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டீச்சருக்குக் கேட்கவில்லை. சரி, பதிவு செய்து பார்ப்போம் என்று ஐந்து விநாடிக்கு ஒரு கட்டளை சொன்னேன், சிடி தரம் என்பதற்கான குறியையும் சேர்த்து. பேசிவிட்டுப் போட்டுக் கேட்டாள். "கேட்குது மாமா, ஆனா குழாய்க்குள்ள பேசுன மாதிரி இருக்கு." இன்னொரு தடவை செய் என்றேன். செய்தாள். இப்போது ஒன்றுமே இல்லை, சுத்த அமைதி.

என்னம்மா மாற்றினாய் என்று கேட்டால், ஒன்றும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறாள். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். இரண்டாவது தடவை அந்த சிடி குறியைத் தட்டச்சு செய்ய மறந்திருந்தாள். குறி இருந்தால் இடம், வலம் என்று இரண்டு தடத்தில் பதிவாகும். இல்லாவிட்டால் ஒரே தடம். இரண்டு தடத்தில் குரல் இருக்கிறது, ஒன்றாகச் சேர்த்தால் குரல் செத்துப்போகிறது!

காரணம் இதுதான். சில மடிக்கணினிகளில் உள்மைக் அனுப்பும் வலத் தடம், இடத் தடத்தின் நேர் தலைகீழ். ஊஞ்சலை ஒருவர் தள்ளும்போது எதிரில் நிற்பவரும் அதே வலுவோடு தள்ளினால் ஊஞ்சல் அசையுமா? அதே கதைதான். காணொளி அழைப்புச் செயலிகள் பெரும்பாலும் குரலை ஒரே தடமாக்கித்தான் அனுப்புகின்றன. அங்கே இரண்டும் மோதி ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகின்றன. ஹெட்செட் மைக் வேறு வழியாக வருவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

வைத்தியம் ஒரு நிமிட வேலை. பாவுகன்ட்ரோல் என்ற நிரலை நிறுவுங்கள். மென்பொருள் கடையில் 'பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்று தேடினாலும் கிடைக்கும். அதில் உள்ளீட்டுக் கருவிகள் பக்கத்தில் உங்கள் மைக்குக்கு எதிரே ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதைச் சொடுக்கிப் பூட்டைத் திறந்தால் இடம், வலம் இரண்டும் தனித்தனியாக நகரும். வலத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், இடத்தை அப்படியே விடுங்கள். கணினியை நிறுத்தி மறுபடி திறந்தாலும் இந்த அளவு அப்படியே இருக்கும். ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் அழைப்புச் செயலிகள் மட்டும் சில சமயம் இதைக் கலைத்துவிடலாம். செயலியின் அமைப்பில் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

உங்களுடையதும் இதே கோளாறுதானா என்று அறிய, ஒரு முறை இரண்டு தடத்திலும் ஒரு முறை ஒரே தடத்திலும் பதிவு செய்து கேளுங்கள். இரண்டிலுமே அமைதி என்றால் ஆல்சாமிக்சர் பக்கத்தை மறுபடி பாருங்கள். முதலாவதில் மட்டும் குரல் இருந்தால் வலத்தை இறக்கிவிட வேண்டியதுதான்.

அன்றைக்கு ராத்திரி டியூஷனில் டீச்சருக்கு முதலில் கேட்டது, அடுப்படியிலிருந்து அக்கா தன் மகனைத் திட்டிய சத்தமாம். மறுநாள் போன் போட்டு, மைக்கை அணைக்க எந்த விசை என்று கேட்டாள் அக்கா மகள்.