ஹால்ல ரெக்கார்டர், ரூம்ல பழைய லேப்டாப்

கேள்வி: சார், அம்மாவுக்காக மார்கழிக் கச்சேரியெல்லாம் டிவி ரெக்கார்டர்ல பதிஞ்சு வெச்சிருக்கேன், பழைய லேப்டாப்புக்கு வைஃபைல அனுப்பினா 4 ஜிபி ஃபைல் ஒண்ணுக்கே அரை மணி நேரம் ஆகுது. புது லேப்டாப் வாங்கித்தான் ஆகணுமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: வேண்டவே வேண்டாம்மா, அந்தக் காசை பத்திரமா வைங்க. லேப்டாப் மேல தப்பே இல்ல, பழைய வைஃபை 54 எம்பிபிஎஸ்னு (நொடிக்கு இத்தனை மெகாபிட்ங்கற வேகக் கணக்கு) போட்டிருந்தாலும் கைக்கு வர்றது பாதிகூட இருக்காது, அதுலயும் ரெக்கார்டர், லேப்டாப் ரெண்டுமே வைஃபைல இருந்தா ஒரே ஃபைல் ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கேர்ந்து லேப்டாப்புக்கு ஒரு தடவைன்னு ரெண்டு முறை காத்துல போகணும், பத்தாததுக்கு உங்க பில்டிங்ல மேல கீழ பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல முட்டிக்கும். ரெண்டையும் லேன் கேபிள்ல (நெட்வொர்க் ஒயர்) ரவுட்டரோட இணைச்சிடுங்க. லேப்டாப்ல கேபிள் சொருகுற போர்ட்ல தூசியிருந்தா பிரஷ்ஷால தட்டிட்டு, 'க்ளிக்'னு சத்தம் கேக்குற வரைக்கும் கேபிளை அழுத்துங்க. போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ்னாலும் அதே ஃபைல் ஆறேழு நிமிஷத்துல வந்துடும்.

ரெக்கார்டர் பென்டிரைவ்ல காப்பி பண்ண விட்டா அதுவும் நல்ல வழிதான், ஆனா ஃபேட்32ல (டிரைவ்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஒரு பழைய முறை) ஃபார்மட் பண்ணின டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, ரெக்கார்டர் ஏத்துக்கிட்டா அந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாத்திக்குங்க, மாத்தும்போது உள்ளே இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும், அதனால முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்கம்மா.