தாவீதைத் தூண்டியது யார்?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் சாமுவேல் 24இல், இஸ்ரவேலரைக் கணக்கெடுக்கும்படி தாவீது ராஜாவைத் தூண்டுவது கர்த்தருடைய கோபம். அதே கதை முதலாம் நாளாகமம் 21இல் வரும்போது தூண்டுவது சாத்தான்! சிறுவயதிலிருந்து பைபிள் வாசிக்கிறேன், இப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டில் எது பொய்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எதையும் பொய் என்று தள்ள வேண்டாம். கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துப் பாருங்கள். குஷ்டம் நீங்கியதும் அவன் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்பது, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கிற அளவு மண். இஸ்ரவேலின் தெய்வத்தைச் சொந்த ஊரில் கும்பிட இஸ்ரவேலின் மண் வேண்டுமாம். (அந்த மண்ணை வீட்டில் எங்கே கொட்டியிருப்பான் என்று எனக்கு ரொம்ப நாளாக யோசனை.) இஸ்ரவேலின் தலைவன் யெப்தாவோ அம்மோன் ராஜாவிடம், உங்கள் தெய்வம் காமோஸ் தந்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கர்த்தர் தந்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று பாகப்பிரிவினை பேசுகிறான். ஊருக்கொரு தெய்வம், தெய்வத்துக்கொரு எல்லை.

கி.மு. 597இல் யூதர்களில் ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பதினோரு வருஷத்தில் எருசலேம் ஆலயமும் எரிந்தது. மண்ணும் போச்சு, கோவிலும் போச்சு. அந்தக் காலத்துக் கணக்கில் கர்த்தர் தோற்றுவிட்டார், பாபிலோனின் தெய்வம் மார்துக் ஜெயித்துவிட்டார். ஆனால் முதல் கூட்டத்தோடு போன எசேக்கியேல் தீர்க்கதரிசி பாபிலோனில் கேபார் நதிக்கரையில் பார்ப்பது என்ன? சக்கரங்களோடு வருகிற ஒரு சிம்மாசனம். நாகமான் மண்ணைத் தூக்கிப் போனான். இங்கே தெய்வமே கிளம்பி வந்துவிட்டது.

அப்புறம் பாரசீக ராஜா கோரேசின் காலத்தில், ஏசாயா 45 இன்னும் தூரம் போகிறது: என்னைத் தவிர வேறொருவர் இல்லை, ஒளியும் இருளும் நான் உண்டாக்கியவை, சமாதானமும் தீங்கும் என்னாலே. சரி, வேறு தெய்வமே இல்லையென்றால் கெட்டதற்கும் அவரைத்தானே கேட்க வேண்டும்? அதை எழுதியவர் அசராமல் எழுதிவிட்டார். அதற்கும் பிறகு எழுதிய நாளாகம ஆசிரியருக்கு அவ்வளவு நெஞ்சுரம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கதையில் அந்தக் கணக்கெடுப்பு பாவம், அதற்குத் தண்டனை கொள்ளைநோய். பாவம் செய்யத் தூண்டியவரே அதற்குத் தண்டனையும் தருவதா? சாமுவேல் நூலை முன்னால் வைத்துக்கொண்டே அந்த ஓரிடத்தை மாற்றினார். எபிரேயத்தில் சாத்தான் என்றால் எதிராளி. யோபு நூலில் அவன் கர்த்தரின் சபைக்கே வந்து நிற்கிறவன்.

ஆனாலும் அவரால் முழுதாக மாற்ற முடியவில்லை. 70,000 பேரைச் சாகடித்த கொள்ளைநோயை அனுப்புவது நாளாகமத்திலும் கர்த்தர்தான்.